ஒரே மூதாட்டி, இரண்டு வாக்குமூலங்கள்: அமெரிக்க வரலாற்று ஆசிரியர்கள் தம் பாடத்தைக் கற்கும் விதம்

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம், தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், ஹென்ரியெட்டா தெரு 17ஆம் எண் வீட்டின் படியில் அமர்ந்திருந்த கறுப்பின மூதாட்டி ஒருவரைப் பார்க்க ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளையினப் பெண் வந்தார். மூதாட்டிக்கு வயது நூறைக் கடந்திருந்தது. அடிமைகளாகப் பிறந்து, அப்போதும் உயிரோடு இருந்தவர்களின் நினைவுகளை அரசின் எழுத்தாளர் திட்டத்துக்காக எழுதி வாங்குவது பட்லரின் வேலை. மூதாட்டியின் பெயரைச் சூசன் ஹாம்லின் என்று அவர் குறித்துக்கொண்டார். தன் பழைய எசமான் நல்லவர், எசமானியின் வீட்டாரும் பெரிய மனம் படைத்தவர்கள், அடிமைகளிடம் அன்பாகவே நடந்துகொண்டார்கள் என்று மூதாட்டி சொன்னதாக அந்தப் பதிவு கூறுகிறது. அதே வீட்டுக்கு அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினப் பதிவாளரும் சென்றார். அவருடைய பதிவில் மூதாட்டியின் பெயர் சூசன் ஹாமில்டன். அதில் சாட்டையடி வருகிறது. பிரிக்கப்பட்ட குடும்பங்களின் அழுகை வருகிறது. இரவில் திருமணமான பெண் மறுநாள் காலையில் விற்கப்பட்டதும், அவளுடைய தாய் தெருவில் இறங்கி எசமானர்களை வாய்விட்டுச் சபித்ததும் வருகின்றன.

அமெரிக்காவில் வரலாற்று ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் பயிலரங்குகளில் இந்த இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பயிற்சி நன்கு அறியப்பட்ட ஒன்று. பதிவு செய்தவர்களின் பெயரையும் நிறத்தையும் மறைத்து, இரண்டு தாள்களையும் ஆசிரியர்கள் கையில் கொடுத்துவிட்டால், பேசியவர் ஒருவர்தானா இருவரா என்ற சந்தேகமே முதலில் எழும். ஒருவர்தான் என்று தெரிந்த பிறகு, எது உண்மை என்ற கேள்வி வரும். பதிவு செய்தவர்கள் யார் என்று சொல்லப்பட்டதும், அந்தக் கேள்வியே வேறு வடிவம் எடுக்கும். பட்லர் தம் பதிவின் தொடக்கத்திலேயே ஒன்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: தான் முன்பு உதவி பெற்றுவந்த நலத்துறை அலுவலகத்திலிருந்து வந்தவர் இவர் என்று மூதாட்டி எண்ணிக்கொண்டாராம், அந்த எண்ணத்தைப் பட்லர் திருத்தவில்லையாம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, உதவிப் பணத்தை மீண்டும் எதிர்பார்த்திருந்த ஒரு முதியவர், வெள்ளை அதிகாரி என்று தாம் நம்பியவரிடம் என்ன பேசியிருப்பார்? லாட்சனிடம் பேசியது மட்டும் முழு உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? எழுதியவர் தாம் கேட்க விரும்பியதையும் கலந்து எழுதியிருக்கலாம் அல்லவா? 1936 முதல் 1938 வரை இப்படிப் பதிவான 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களை எந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பதை ஒரு மணி நேர விரிவுரையைவிட இந்த இரண்டு தாள்களே நன்றாகக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது இந்த அனுபவத்தைப் பற்றித்தான். சான்றுகளை எடைபோட்டு, சக ஆசிரியருடன் வாதாடி, தம் முடிவைத் தாமே மாற்றிக்கொண்ட அனுபவம் இல்லாத ஒருவரால் அதை மாணவர்களுக்குக் கொடுக்க இயலாது. அமெரிக்கப் பள்ளிகளில் வரலாறு கற்பிக்கும் பலருக்கு அந்த அனுபவம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கிடைப்பதில்லை. பணியில் சேர்ந்த பிறகு, கோடைக்காலப் பயிலரங்குகளிலும் மாலைநேரப் புத்தகக் கலந்துரையாடல்களிலும்தான் கிடைக்கிறது. அந்தப் பயிலரங்குகள் எப்படி உருவாயின, யார் பணத்தில் நடந்தன, ஏன் பலமுறை தடைபட்டன என்பதை அறிந்தால், அந்நாட்டு வகுப்பறைகளில் வரலாறு ஏன் இப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதும் ஓரளவு விளங்கும். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பல மாநிலங்களில் வரலாற்றுக்கென்று தனி ஆசிரியர் சான்றிதழ் கிடையாது. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளாதாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சமூக அறிவியல் என்ற ஒரே சான்றிதழே வழங்கப்படுகிறது. ஆகவே கல்லூரியில் அரசியல் அறிவியலோ உளவியலோ படித்த ஒருவர், உள்நாட்டுப் போரைப் பற்றித் தாம் பள்ளியில் படித்ததற்கு மேல் அதிகம் அறியாமலேயே, அதை நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்க நேரிடுகிறது. இது அவர்களுடைய குறையன்று. சான்றிதழ் முறை அவர்களை அங்கே நிறுத்துகிறது.

சான்றிதழைப் புதுப்பிக்க, பணிக்காலப் பயிற்சி கட்டாயம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை டெக்சாஸில் 150 மணி நேரமும், பென்சில்வேனியாவில் 180 மணி நேரமும், நியூயார்க்கில் 100 மணி நேரமும் பயிற்சி பெற்றதாகக் கணக்குக் காட்ட வேண்டும். எண்களைப் பார்த்தால் தாராளமாகவே தோன்றும். ஆனால் அந்த மணிகளில் பெரும்பகுதியைப் பள்ளி மாவட்டங்களே நிரப்பிவிடுகின்றன: புதிய மென்பொருளைப் பயன்படுத்தும் முறை, வகுப்பறை ஒழுங்கு, தேர்வு முடிவுகளை அலசும் வழி என்று எல்லாப் பாட ஆசிரியர்களையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்து நடத்தப்படும் கூட்டங்கள் அவை. கணித ஆசிரியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் ஒரே உரை. வரலாற்றுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கப்படுவது அரிது. 2002 ஜனவரியில் சட்டமான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக்கூடாது' சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்பிலும் கணிதத்திலும் ஆண்டுதோறும் தேர்வு நடத்தச் சொன்னது. வரலாற்றில் அப்படி எதையும் கேட்கவில்லை. தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரமும் சுருங்கியது, பயிற்சிப் பணமும் சுருங்கியது. தொடக்கப் பள்ளிகளில் இந்தச் சுருக்கம் மிகக் கடுமையாக இருந்தது.

வரலாற்று ஆசிரியர்களுக்கெனத் தனி ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. 1990இல் வரலாற்றுக் கல்விக்கான தேசிய மன்றம் தோன்றியது. 1994இல் ரிச்சர்ட் கில்டர், லூயிஸ் லேர்மன் என்ற இரு செல்வந்தர்கள், தாங்கள் சேகரித்த ஆவணங்களை அடித்தளமாகக் கொண்டு கில்டர் லேர்மன் அமெரிக்க வரலாற்று நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ஒருவருடன் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் கோடைக்காலக் கருத்தரங்குகள் அந்நிறுவனத்தின் அடையாளமாயின. அதே 1994இல்தான் வரலாற்றுப் பாடத்துக்கான தேசியத் தரநிலைகள் வெளியாகி, பெரும் அரசியல் சண்டை மூண்டது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி நாஷ் முதலியோர் தயாரித்த அந்தத் தரநிலைகள் நாட்டின் பெருமைகளைக் குறைத்துக் குற்றங்களைப் பெரிதாக்குகின்றன என்று, கூட்டாட்சி அரசின் பண்பாட்டு நிதி நிறுவனம் ஒன்றின் முன்னாள் தலைவரான லின் செனி எழுதினார். 1995 ஜனவரியில் செனட் சபை 99க்கு 1 என்ற கணக்கில் அவற்றைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தேசிய அளவில் என்ன கற்பிக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் முயற்சி அத்தோடு முடங்கியது. பாடத்திட்டத்தின் வாசல் மூடப்பட்டபோது, ஆசிரியரின் அறிவை வளர்க்கும் வாசல் மட்டுமே மீதமிருந்தது.

அந்த வாசலை அகலத் திறந்தவர் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட். வரலாற்றைச் சமூக அறிவியல் என்ற கூடைக்குள் போட்டுக் கலக்காமல் தனிப்பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 2001ஆம் நிதியாண்டில் அவர் முயற்சியால் 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, 'அமெரிக்க வரலாற்றைக் கற்பித்தல்' என்ற மானியத் திட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டுகளில் ஒதுக்கீடு அதைவிட இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களாகச் சுமார் 100 கோடி டாலர் செலவாயிற்று. வரலாற்று ஆசிரியர்களின் அறிவுக்கென்று அமெரிக்க அரசு அதற்கு முன் இவ்வளவு பெரிய தொகையைச் செலவிட்டதில்லை.

திட்டத்தின் அமைப்பில் ஒரு விதி மிகவும் நுட்பமானது. மானியம் பள்ளி மாவட்டத்துக்குத்தான் கிடைக்கும். ஆனால் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், நூலகம், வரலாற்று அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றையாவது கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாமல் விண்ணப்பிக்க முடியாது. பள்ளி ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதைச் சட்டமே கட்டாயமாக்கியது. மூன்றாண்டு மானியம் பெற்ற ஒரு மாவட்டத்தின் பணி பெரும்பாலும் ஒரே மாதிரியாக அமைந்தது: கோடையில் ஒன்று அல்லது இரண்டு வாரப் பயிலரங்கு, பள்ளியாண்டில் மாலை வேளைகளில் புத்தகக் கலந்துரையாடல், வரலாற்றுத் தலங்களுக்குப் பயணம், கடைசியில் ஒவ்வோர் ஆசிரியரும் எழுதிச் சமர்ப்பிக்கும் பாடக் குறிப்புகள். பள்ளி நாட்களில் பயிற்சி வைத்தால் மாற்று ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால், ஏற்பாட்டாளர்கள் மாலையையும் கோடையையுமே நாடினார்கள். அதன் விளைவாகத் தம் ஓய்வு நேரத்தைக் கொடுக்க முன்வந்தவர்களே வந்தார்கள்.

அங்கேதான் திட்டத்தின் பலவீனமும் இருந்தது. ஏற்கெனவே அனுபவமும் ஆர்வமும் உள்ள ஆசிரியர்களே அதிகம் பங்கேற்றார்கள், மிகவும் தேவைப்பட்டவர்களை அது போதிய அளவு எட்டவில்லை என்று தொடக்ககால மதிப்பீடு சுட்டிக்காட்டியது. மாணவர்களின் தேர்ச்சி உயர்ந்ததா என்ற கேள்விக்கு 2011இல் வெளியான மதிப்பீட்டாலும் உறுதியான விடை தர இயலவில்லை. காரணம் எளியது: மாநிலந்தோறும் வரலாற்றுத் தேர்வு வெவ்வேறு விதம், சில மாநிலங்களில் தேர்வே இல்லை. அளக்கக் கோலே இல்லாத இடத்தில், வளர்ச்சி இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆனால் பணத்தைக் குறைக்கக் காத்திருந்தவர்களுக்கு அந்த மௌனமே போதுமானதாக இருந்தது. 2010 ஜூனில் பேர்ட் காலமானார். அடுத்த நிதியாண்டில் ஒதுக்கீடு பாதிக்கும் கீழே விழுந்தது. 2012இல் முற்றிலும் நின்றது. ஒரு தனி மனிதரின் செல்வாக்கின் மேல் நிறுத்தப்பட்ட திட்டம் அவரோடே முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பத்தாண்டுகளாகப் பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கும் இடையே கட்டப்பட்ட உறவுகளில் பலவும், பணம் நின்ற ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே தளர்ந்துபோயின.

நல்ல பயிலரங்கில் என்ன நடக்கிறது என்பதை விளக்க, 1991இல் வெளியான ஓர் ஆய்வு உதவும். சாம் வைன்பர்க் என்ற கல்வி உளவியலாளர், எட்டு வரலாற்றறிஞர்களையும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் தனித்தனியே அமர்த்தி, 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் நடந்த மோதலைப் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார். முதல் குண்டைச் சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத கேள்வி. வரலாற்றறிஞர்கள் ஆவணத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே அதன் அடியில் உள்ள பெயரையும் தேதியையும் பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நேராகப் படித்தார்கள். கொடுக்கப்பட்டவற்றுள் பாடநூல் பகுதிதான் நம்பத்தக்கது என்று மாணவர்கள் கருதினார்கள். வரலாற்றறிஞர்கள் அதையே கடைசியில் வைத்தார்கள். அந்த எட்டு அறிஞர்களில் சிலருக்கு அமெரிக்கப் புரட்சி தம் துறையே அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். தகவல் அறிவில் சில மாணவர்கள் அவர்களுக்கு இணையாகவே இருந்தார்கள். வேறுபாடு படிக்கும் பழக்கத்தில் இருந்தது.

எழுதியவர் யார் என்று பார்த்தல், காலச் சூழலில் பொருத்திப் பார்த்தல், மற்றச் சான்றுகளோடு ஒப்பிடுதல், சொற்களை நெருங்கிப் படித்தல் என்ற இந்தப் பழக்கங்களை வகுப்பறைக்குக் கொண்டுவர, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைன்பர்க் நடத்திய குழு பாடங்களைத் தயாரித்து இலவசமாக வெளியிட்டது. நாடாளுமன்ற நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் தம் ஆவணங்களை இணையத்தில் ஏற்றி, அவற்றைக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்துவருகின்றன. பயிலரங்குகளின் அன்றாட மொழியையே இவை மாற்றிவிட்டன என்று சொல்லலாம். முன்பெல்லாம் காலையில் பேராசிரியர் உரையாற்றுவார், பிற்பகலில் கல்வியியல் நிபுணர் ஒருவர் பாடக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுப்பார். இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. ஆவணம் மேசையின் நடுவே வந்த பிறகு, பேராசிரியர் தாம் எப்படிப் படிக்கிறார் என்பதை ஆசிரியர்களின் கண்முன் காட்ட வேண்டியவரானார்.

இடத்தையே ஆவணமாகப் படிக்கும் பயிலரங்குகளும் உண்டு. வரலாறு, இலக்கியம் முதலிய துறைகளுக்கு நிதி வழங்கும் அரசு அமைப்பான மனிதவியலுக்கான தேசிய அறக்கொடை நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து நடத்திவந்த வரலாற்றுத் தலப் பயிலரங்குகள் அவ்வகையின. ஒரு வாரம் தங்கிப் படித்த ஆசிரியருக்குச் சுமார் 1,300 டாலர் உதவித்தொகையும் கிடைத்துவந்தது. மாசசூசெட்ஸின் லோவல் நகரில் நடந்த பயிலரங்குகளை எடுத்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள் உழைத்த நெசவாலைகளில் ஒன்று அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. தறிகள் இன்றும் ஓடுகின்றன. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவுடன் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. 1834இலும் 1836இலும் வேலைநிறுத்தம் செய்த பெண்களைப் பற்றிப் பாடநூலில் இரண்டு வரி படித்திருந்தவருக்கு, பகல் முழுதும் அந்த இரைச்சலில் நிற்பது என்றால் என்ன என்பது அங்கேதான் உடலில் உறைக்கும். அதோடு நிற்காமல், தறியில் ஓடிய பஞ்சு எங்கிருந்து வந்தது என்று பயிலரங்கு கேட்கும். தெற்கின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்த ஆலைகளின் பெயரால் 'லோவல் துணி' என்றே அழைக்கப்பட்ட முரட்டுத் துணி, அடிமைகள் உடுத்துவதற்காக மீண்டும் தெற்குக்கே விற்கப்பட்டது. வடக்கு சுதந்திர மண், தெற்கு அடிமை மண் என்று கரும்பலகையில் ஒரு கோடு போட்டுப் பிரித்துக் கற்பித்துவந்த ஆசிரியர், அந்தக் கோட்டை அழிக்க வேண்டியவராகிறார்.

இனி, புத்தகக் கலந்துரையாடல். பயிலரங்கோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவு மிகக் குறைவு. அதனாலேயே மானியம் நின்ற பிறகும் இது பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. பதினைந்து இருபது ஆசிரியர்கள், ஆளுக்கொரு படி, மாதத்துக்கு ஒரு மாலை, வழிநடத்த ஒருவர். பள்ளி நூலகத்திலும் நடக்கும், 2020க்குப் பிறகு கணினித் திரையிலும் நடக்கிறது. பங்கேற்கும் மணி நேரம் சான்றிதழ்ப் புதுப்பிப்பில் கணக்காகிறது. பாடத்தை எப்படி நடத்துவது என்று கூறும் கல்வியியல் நூல்களைக் காட்டிலும், வரலாற்றறிஞர்கள் எழுதிய உண்மையான ஆய்வு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களே அதிகம் பயனடைகின்றன என்பது என் எண்ணம்.

ஏன் என்பதற்கு ஒரு நூலைச் சான்றாகக் காட்டலாம். லாரல் தாட்சர் உல்ரிக் 1990இல் வெளியிட்டு, மறு ஆண்டே வரலாற்றுக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற 'ஒரு மருத்துவச்சியின் கதை' என்ற நூல் அது. மெயின் பகுதியின் ஹாலோவெல் ஊரில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட், 1785 முதல் 1812 வரை நாள்தோறும் எழுதிய நாட்குறிப்பை அது ஆராய்கிறது. இன்று வானம் எப்படி இருந்தது, யார் வீட்டுக்குப் போனேன், எந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது, எவ்வளவு நூல் நூற்றோம் என்பவைதான் அதில் இருப்பவை. முன்பு அதைப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் அற்ப விவரங்கள் என்று ஒதுக்கினார்கள். உல்ரிக் அந்த அற்ப விவரங்களை எண்ணினார், கோத்தார், ஊர் ஆவணங்களோடு ஒப்பிட்டார். 816 பிரசவங்கள், அந்த ஊரின் பெண்கள் தமக்குள் நடத்திய பண்டமாற்று, ஒரு நீதிபதியின் மேல் பாதிரியாரின் மனைவி சுமத்திய பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு என்று ஒரு முழு உலகமே எழுந்து வந்தது. ஒவ்வோர் இயலும் நாட்குறிப்பின் சில பக்கங்களை அப்படியே தந்துவிட்டுத்தான் தொடங்குகிறது. அந்தப் பக்கங்களை மட்டும் முதலில் படித்து, இதிலிருந்து நாம் என்ன அறிந்துகொள்ள முடியும் என்று பேசிவிட்டு, பிறகு உல்ரிக் என்ன கண்டார் என்று படிப்பது கலந்துரையாடலுக்கு ஏற்ற வழி. நாம் தாண்டிச் சென்ற ஒரு சொல்லில் அவர் நின்றிருப்பார். அந்த இடத்தில்தான் ஆசிரியர் வரலாற்றாய்வு என்ற தொழிலை உள்ளிருந்து பார்க்கிறார். விரிவுரை முடிவுகளைக் கேட்கச் செய்கிறது. நூலோ, முடிவுக்குச் சென்ற பாதையைப் பின்னோக்கி நடந்து பார்க்க இடம் தருகிறது.

கலந்துரையாடல்கள் செய்யும் இன்னொரு பெரும்பணி, பழைய பாடத்தை மறக்கச் செய்வது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 முதல் 1877 வரையிலான மீள்கட்டமைப்புக் காலத்தைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது என்ன? விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு அவசரப்பட்டு வாக்குரிமை கொடுத்ததால் தெற்கு முழுவதும் ஊழலில் மூழ்கியது என்பதே. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் எழுதியவற்றிலிருந்து பாடநூல்களுக்கு இறங்கிய கருத்து அது. 1935இலேயே கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அதை ஆதாரங்களோடு மறுத்து எழுதியும், பல்கலைக்கழக உலகம் நெடுங்காலம் காது கொடுக்கவில்லை. 1988இல் வரலாற்றறிஞர் எரிக் ஃபோனரின் விரிவான நூல் வந்தபோது ஆய்வுலகில் பழைய கதை செல்லுபடியாகாமல் போயிருந்தது. அந்தக் காலத்தில் சுமார் 2,000 கறுப்பினத்தவர் அரசுப் பொறுப்புகளை வகித்ததையும், 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டில் அமர்ந்ததையும் எந்த ஆய்வாளரும் ஒதுக்க முடியாது என்ற நிலை வந்திருந்தது. ஆனால் 1970களில் பள்ளிப்படிப்பை முடித்து ஆசிரியரானவர் ஒருவர், யாரும் அவர் கையில் அந்த நூலைக் கொடுக்காவிட்டால், தாம் கேட்ட கதையைத்தான் 2000த்திலும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆய்வுக்கும் வகுப்பறைக்கும் இடையே உள்ள ஒரு தலைமுறை இடைவெளியைக் கலந்துரையாடலைப் போல விரைவாகக் குறைக்கக்கூடிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எழுநூறு பக்க நூலைப் பள்ளி வேலைக்கு நடுவே தனியாகப் படித்து முடிக்கும் ஆசிரியர்கள் மிகக் குறைவு. அடுத்த வியாழக்கிழமை மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால் படித்துவிடுவார்கள்.

இவற்றால் மாணவர்களுக்குப் பயன் உண்டா? 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆசிரியர் பயிற்சியைப் பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்து, கடுமையான முறையியல் தேர்வில் தேறியவை ஒன்பது மட்டுமே என்றது. அவற்றில் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகள் மாணவர்களின் தேர்ச்சியை உயர்த்தியிருந்தன. குறுகியவற்றால் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை. ஒரு நாள் கூட்டங்களில் பணத்தைக் கரைக்கும் மாவட்டங்கள் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். ஆயினும் அந்த ஒன்பதும் தொடக்கப் பள்ளி வாசிப்பு, கணிதம், அறிவியல் பற்றியவை; வரலாறு அதில் இல்லை. வரலாற்றில் நேரடியான சான்று, சான் ஃபிரான்சிஸ்கோவின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் அவிஷாக் ரைஸ்மன் நடத்திய ஆய்விலிருந்து வருகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆறு மாதம் ஆவணங்களை வைத்துப் பாடம் நடத்திய பதினோராம் வகுப்பு மாணவர்கள், வரலாற்றுச் சிந்தனையில் மட்டுமல்லாமல், தகவல்களை நினைவில் வைத்துக்கொள்வதிலும் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களை முந்தினார்கள். வாசிப்புத் தேர்வுக்காக வரலாற்று நேரத்தைக் குறைத்தவர்கள் இந்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 13 விழுக்காட்டினரே அமெரிக்க வரலாற்றில் தேர்ந்த நிலையை எட்டினார்கள். 40 விழுக்காட்டினர் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்தார்கள்.

கடந்த சில ஆண்டுகளாக ஆசிரியர்கள் நிற்கும் நிலம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2021 முதல் ஓக்லஹோமா, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்கள், இனம் பற்றி வகுப்பில் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. அவற்றின் சொற்கள் தெளிவாக இல்லாததால், எதைக் கற்பித்தால் புகார் வரும் என்று ஆசிரியர்கள் அஞ்சத் தொடங்கினார்கள். உண்மையில் வகுப்பறைகளில் என்ன நடக்கிறது என்று அறிய, அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஒன்பது மாநிலங்களில் 3,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் விசாரித்து, 2024இல் அறிக்கை வெளியிட்டது. பாடநூலை மையமாக வைத்து நடத்துவோர் குறைந்துவிட்டார்கள், கூட்டாட்சி அருங்காட்சியகங்களும் காப்பகங்களும் இலவசமாகத் தரும் ஆவணங்களையே பெரிதும் நம்புகிறார்கள், பெரும்பான்மையோர் கட்சி அரசியலை வகுப்புக்குள் கொண்டுவர விரும்பவில்லை என்று அது கண்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆசிரியர்கள் மேல் வீசப்படும் குற்றச்சாட்டுகளுக்கு அந்த அறிக்கை நேரான பதில்.

அந்த அறிக்கை வந்த அடுத்த ஆண்டே பண வாய்க்கால் மீண்டும் திசை மாறியது. 2025 ஏப்ரலில் மனிதவியல் அறக்கொடை நிறுவனத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்கள் ஒரேயடியாக ரத்து செய்யப்பட்டன. கோடையில் நடக்கவிருந்த ஆசிரியர் பயிலரங்குகளும் அவற்றோடு போயின. செப்டம்பரில் கூட்டாட்சிக் கல்வித் துறை தேசப்பற்றுக் கல்வியை மானிய முன்னுரிமையாக அறிவித்து, வரலாறு, குடிமையியல் கருத்தரங்குகளுக்கு 15 கோடி டாலருக்கும் மேல் வழங்கியது. சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டான 2026தான் அதற்கான சந்தர்ப்பம். பேர்டும் தம் திட்டத்துக்கு 'பாரம்பரிய' அமெரிக்க வரலாறு என்ற அடைமொழியைச் சேர்த்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். ஆனால் பயிலரங்குகளை நடத்தியவர்கள் ஆய்வாளர்களாக இருந்ததால், மேசைக்கு வந்தவை ஆய்வுலகம் அறிந்த ஆவணங்களாகவே இருந்தன. புதிய பணத்தின் மேசைக்கு எவை வரும் என்பதைத்தான் நான் அக்கறையோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மேசையில் வைக்கத் தகுந்த ஒன்று நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது: தாமஸ் ஜெஃபர்சன் தம் கைப்பட எழுதிய பிரகடனத்தின் முதல் வரைவு. அதில் அடிமை வணிகத்துக்காக ஆங்கிலேய மன்னரைச் சாடும் ஒரு நீண்ட பத்தி உண்டு. பிரகடனத்தை ஏற்கக் கூடியிருந்த குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மாநாடு அதை முழுவதுமாக நீக்கியது. தென் கரோலினாவையும் ஜார்ஜியாவையும் மனத்தில் வைத்து நீக்கினார்கள் என்று ஜெஃபர்சன் பின்னர் தம் குறிப்பில் எழுதினார். வடக்கத்திய சகோதரர்களுக்கும் அந்தக் கண்டனம் சற்று உறுத்தியது, ஏனெனில் அடிமைகளை ஏற்றிவந்து விற்றதில் அவர்களுக்கும் கணிசமான பங்கிருந்தது என்றும் எழுதினார். இதை எழுதியவரே தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வரைவையும் அச்சான பிரகடனத்தையும் அருகருகே வைத்தால், ஒரு மாணவி நிச்சயம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பாள். அதே கேள்வியை முந்தைய கோடையில் தம் சக ஆசிரியர்களோடு ஒரு பிற்பகல் முழுதும் பேசித் தீராமல் எழுந்துவந்த ஒருவர், அன்று அந்த வகுப்பில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.